படகில் கியர் இறுகினால்: லிவரை மாற்றும் முன் கேபிளைக் கழற்றிப் பாருங்கள்

நண்பருக்கு வணக்கம். நீங்கள் எழுதியதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். முத்துப்பேட்டையில் அலையாத்திக் காட்டைப் பார்க்க வருபவர்களை ஏற்றிச் செல்லும் 22 அடி ஃபைபர் படகு உங்களுடையது. அதில் படகின் பின்புறம் வெளியே மாட்டும் 40 குதிரைத்திறன் கொண்ட டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சினும், கியரையும் வேகத்தையும் ஒன்றாகவே இயக்க இருக்கைக்கு வலப்புறம் பக்கவாட்டில் பொருத்திய ஒற்றை லிவர் கண்ட்ரோல் பெட்டியும் இருக்கின்றன. இரண்டும் வாங்கி 9 ஆண்டுகள் ஆகின்றன. சில மாதங்களாக ரிவர்ஸ் போட இரண்டு கைகளும் தேவைப்படுகின்றன. ஃபார்வர்டும் முன்போல் விழுவதில்லை. போன வாரம் ஒரு மணல் திட்டுக்கு அருகே ரிவர்ஸ் நேரத்துக்கு விழாததால் பயணிகளோடு படகு தரைதட்டியிருக்கிறது. கண்ட்ரோல் பெட்டியை மாற்றிவிடலாமா, எந்த வகையை வாங்குவது, கேபிளையும் மாற்ற வேண்டுமா, பொருள் வந்து சேரும்வரை படகை ஓட்டலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

நாகப்பட்டினத்தில் கடுவையாற்றின் கரையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் படகு எஞ்சின் வேலை பார்க்கிறேன். கியர் இறுகிவிட்டது என்று வருபவர்களில் பெரும்பாலோர் கண்ட்ரோல் பெட்டியின் மீதுதான் பழி போடுவார்கள். கையில் தெரிவது அந்த லிவர்தானே. ஆனால் என் அனுபவத்தில் பெட்டி கெட்டுப்போனதைவிட, பெட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையே யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் கேபிள் கெட்டுப்போனதே மிக அதிகம். வேதாரண்யம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், வேறோர் இடத்தில் புதுக் கண்ட்ரோல் வாங்கிப் பழைய கேபிளிலேயே மாட்டி, இரண்டாவது வாரத்தில் லிவரின் பல்லை உடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கேபிளைக் கழற்றித் தனியே இழுத்துப் பார்த்தபோது, இருவர் சேர்ந்து இழுத்தும் உள்கம்பி அரை அங்குலம்கூட நகரவில்லை. அவர் செலவழித்த பணத்தில் மூன்று ஜோடி கேபிள் வாங்கியிருக்கலாம். அதனால் முதலில் இறுக்கம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். அதன் பிறகு வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

கண்டுபிடிக்கும் முறையைச் சொல்வதற்கு முன், அவுட்போர்டு எஞ்சினின் கியர் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். கார், லாரி ஓட்டிப் பழகியவர்கள் அதே எண்ணத்தோடு இதைக் கையாள்வதால்தான் பாதிச் சேதம் நேர்கிறது. காரில் உள்ளதுபோல் உராய்ந்து மெல்லப் பிடிக்கும் கிளட்ச் தட்டு இதில் கிடையாது. தண்ணீருக்குள் இருக்கும் கியர் கேஸில், எஞ்சினிலிருந்து இறங்கும் தண்டின் நுனியில் உள்ள பினியன், முன்னோக்குச் சக்கரத்தையும் பின்னோக்குச் சக்கரத்தையும் எப்போதும் எதிரெதிர்த் திசையில் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் நடுவே புரொப்பெல்லர் தண்டின் மேல் வழுக்கி நகரும் வளையம் ஒன்று உண்டு. அதன் இரு முகங்களிலும் தடித்த பற்கள் இருக்கும். இதையே டாக் கிளட்ச் என்கிறோம். நீங்கள் லிவரைத் தள்ளும்போது கேபிள் எஞ்சினின் பக்கவாட்டில் உள்ள கியர் கையை (சிறு நெம்புகோலை) நகர்த்துகிறது. அது ஷிஃப்ட் கம்பியை அசைக்கிறது. கம்பி அந்த வளையத்தை ஏதாவது ஒரு சக்கரத்தின் பற்களோடு கோத்துவிடுகிறது. சுற்றும் பல்லும் நிற்கும் பல்லும் ஒரே அடியில் கோத்துக்கொள்வதுதான் இதன் அமைப்பு.

ஆகவே இந்தக் கியரை மெதுவாக, பதமாகப் போடுவது நல்லது என்ற எண்ணம் தவறு. எஞ்சின் ஐடிலில், அதாவது மிகக் குறைந்த வேகத்தில், ஓடும்போது தயக்கமின்றி ஒரே வீச்சில் போட வேண்டும். மெல்லத் தள்ளினால் பற்களின் முனைகள் ஒன்றின் மேல் ஒன்று மோதிக் கடகடவென்று தேய்ந்து, கூரான விளிம்புகள் மழுங்கிவிடும். மழுங்கிய பல் சுமை ஏறும்போது பிடித்து நிற்காமல் நழுவும். இறுகிப்போன கேபிளின் உண்மையான தீங்கும் இதுவே. லிவர் கடினமாக இருப்பதால் கை தானாகவே மெல்லத் தள்ளுகிறது. கேபிள் பாதியில் சிக்கிச் சிக்கி நகர்கிறது. அடியில் பற்கள் அரைகுறையாகக் கோத்தபடி ஓடுகின்றன. கை வலிக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது கியர் கேஸ் அழிந்துகொண்டிருக்கிறது. என் பட்டறையில் ஒரு பழைய வளையத்தை எடுத்து வைத்திருக்கிறேன். அதன் ஒரு முகத்தில் பற்கள் புதிய செங்கல்லின் விளிம்பைப்போல் நறுக்கென்று இருக்கும். மறுமுகத்தில், ரிவர்ஸ் பக்கத்தில், ஆற்றில் உருண்ட கூழாங்கல்லைப்போல் உருண்டிருக்கும். அந்தப் படகின் உரிமையாளர் சொன்னதும் உங்கள் சொற்களையே ஒத்திருந்தது: ரிவர்ஸ் மட்டும்தான் கொஞ்சம் கடினம்.

இனி சோதனைக்கு வருவோம். முதலில் சாவியை எடுத்துவிட்டு, அவசர நிறுத்தக் கயிற்றின் கிளிப்பையும் கழற்றி, ஸ்பார்க் பிளக் வயர்களையும் பிடுங்கிவிடுங்கள். கை புரொப்பெல்லரில் இருக்கும்போது எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினாலும் விரல் போய்விடும். இந்த ஒன்றில் மட்டும் அவசரம் கூடாது. பிறகு ஒருவர் புரொப்பெல்லரைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருக்க, மற்றவர் லிவரைப் போட்டுப் பார்க்க வேண்டும். எஞ்சின் நின்றிருக்கும்போது பற்கள் நேருக்கு நேர் நின்றுவிட்டால் கியர் விழாமல் இருப்பது இயல்பு. புரொப்பெல்லரை ஆட்டாமல் லிவரை மட்டும் அழுத்தி, விழவில்லை என்று பலம் கொடுத்து, கேபிளையோ கியர் கையையோ வளைத்துவிட்டவர்கள் உண்டு. எனவே இந்தச் சோதனைக்கு எப்போதும் இரண்டு பேர் தேவை.

புரொப்பெல்லரை ஆட்டியும் இறுக்கமாகவே இருந்தால், எஞ்சினின் மேல்மூடியை எடுத்து, கியர் கையில் கேபிள் மாட்டியிருக்கும் முனையை மட்டும் கழற்றுங்கள். இப்போதும் ஒருவர் புரொப்பெல்லரை ஆட்டிக்கொண்டிருக்க, எஞ்சின் பக்கத்துக் கையை விரல்களால் பிடித்து நகர்த்துங்கள். ஃபார்வர்டு, நியூட்ரல், ரிவர்ஸ் ஆகிய மூன்று நிலைகளும் தட், தட் என்று தெளிவாக உணரும்படி, அதிகப் பலமின்றி விழுந்தால், எஞ்சினும் கியர் கேஸும் குற்றமற்றவை. குற்றம் கேபிளிலோ பெட்டியிலோ இருக்கிறது. அடுத்து, கண்ட்ரோல் பெட்டியைப் பலகையிலிருந்து கழற்றி, அங்கே மாட்டியிருக்கும் கேபிளின் மறுமுனையையும் விடுவியுங்கள். இப்போது கேபிள் தனியாக இருக்கிறது. அதன் நுனிக் கம்பியைக் கையால் தள்ளி இழுங்கள். நல்ல கேபிளில் சுமார் 3 அங்குலத் தூரம் முழுவதும் ஒரே சீராக, ஒரு கையின் பலத்துக்கே கம்பி நகரும். நடுவில் எங்காவது பிடித்தாலும், சரசரவென்று மணல் உரசுவதுபோல் கைக்குத் தெரிந்தாலும், அந்தக் கேபிளின் ஆயுள் முடிந்தது. கேபிள் இல்லாத லிவரும் கடினமாக இருந்தால் மட்டுமே பெட்டி குற்றவாளி. அப்படியானாலும் உடனே மாற்ற வேண்டியதில்லை. திறந்து, காய்ந்து மெழுகுபோல் ஆன பழைய கிரீஸைச் சுரண்டித் துடைத்து, கடல்நீரைத் தாங்கும் கிரீஸ் வைத்தால் பல பெட்டிகள் மீண்டும் புதியவைபோல் ஆகிவிடுகின்றன. உள்ளே ஸ்பிரிங்கும் குண்டும் தெறித்து விழக்கூடும். அகலமான தட்டில் வைத்துத் திறக்கவும், ஒவ்வொரு கட்டத்திலும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளவும்.

இன்னொரு சோதனையையும் விட்டுவிடாதீர்கள். எல்லாம் மாட்டிய நிலையில், ஸ்டீயரிங்கை இடக்கோடி வரை திருப்பி லிவரைப் போட்டுப் பாருங்கள். பிறகு வலக்கோடிக்குத் திருப்பிப் பாருங்கள். எஞ்சினைத் தூக்கி வைத்தும் ஒருமுறை பாருங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் இறுகினால், கேபிள் பின்பக்கம் கூர்மையாக மடங்குகிறது, அல்லது யாரோ அதைப் பெட்ரோல் குழாயோடும் பேட்டரி வயரோடும் சேர்த்து இறுகக் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். ஒரு பிளாஸ்டிக் பட்டையை வெட்டியதோடு முடிந்துபோன வேலைகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

கேபிள் ஏன் இப்படிக் கெடுகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் நம் பகுதியில் அது வேகமாகக் கெடுவதற்குக் காரணங்கள் உண்டு. ஒரு பழைய கேபிளை இரும்பறுக்கும் ரம்பத்தால் நீளவாக்கில் பிளந்து பார்த்தால் உள்ளமைப்பு விளங்கும். நடுவே உள்கம்பி, அதைச் சுற்றி வழுவழுப்பான பிளாஸ்டிக் குழல், அந்தக் குழலைச் சுற்றி, தள்ளும்போது வளையாமல் இருக்கச் சுருளாகப் பின்னிய எஃகுக் கம்பிகள், வெளியே கறுப்பு அல்லது சிவப்பு உறை. உள்கம்பி துருப்பிடிக்காத எஃகாகவே இருந்தாலும், சுற்றியிருக்கும் கம்பிகள் பெரும்பாலும் சாதாரண எஃகுதான். வெளியுறையில் நகத்தளவு வெடிப்பு விழுந்தால் போதும். உப்புநீர் உள்ளே புகுந்து அந்தக் கம்பிகள் துருவேறும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும் பொருள். வெளியே உறை புடைக்கும், உள்ளே குழல் நசுங்கி உள்கம்பியின் கழுத்தை நெரிக்கும். கேபிளின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். பாம்பு எலியை விழுங்கியதுபோல் ஓரிடத்தில் புடைத்திருந்தால் வேறு சோதனையே தேவையில்லை. சென்ற கோடையில் நான் பிளந்த ஒரு கேபிளில், அந்தப் புடைப்பு இருந்த ஒரு சாண் நீளத்துக்கு எஃகுக் கம்பி என்று எதுவும் மிஞ்சவில்லை. குங்குமப்பூவை இடித்ததுபோல் செந்தூள் மட்டும் மேசையில் கொட்டியது.

முத்துப்பேட்டைக் கழிமுகத்தில் பாமணியாறும் கோரையாறும் கொண்டுவரும் வண்டலும், கடலின் உப்பும் ஒன்றாகவே கிடக்கின்றன. ஆழம் குறைந்த நீர் என்பதால் கோடையில் உப்பு ஏறிக்கொண்டே போகும். நீர் வற்றிய இடத்தில் படகு சாய்ந்து கிடக்கும். அடித்தளத்தில் தேங்கிய நீர் காய்ந்து உப்புப் படிகமாகும். நம் ஃபைபர் படகுகள் பலவற்றில் கேபிள் கால்பலகைக்கு அடியில், அந்தத் தேங்கிய நீரிலேயே ஊறிக் கிடக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியபோது சேற்றில் புதைந்த படகுகளை மீட்டவர்கள், எஞ்சினைக் கழற்றிக் கழுவி ஓட்டினார்கள். ஆனால் கேபிளை யாரும் நினைக்கவில்லை. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்தப் படகுகள் ஒவ்வொன்றாகக் கியர் இறுக்கத்தோடு வந்தன.

கேபிளுக்குள் எண்ணெய் விட்டால் சரியாகாதா என்று எல்லோரும் கேட்பார்கள். நுனியைச் செங்குத்தாகத் தூக்கிக் கட்டி, மெல்லிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக இறக்கினால் சில நாள் இலகுவாகத்தான் இருக்கும். ஆனால் எண்ணெய் துருவை நீக்குவதில்லை, நசுங்கிய குழலை விரிப்பதுமில்லை. ஒரு வாரம் கழித்து, நடு ஆற்றில் காற்றடிக்கும் நேரத்தில், மீண்டும் இறுகும். பயணிகளை ஏற்றும் படகில் இந்த வைத்தியத்தை நான் செய்வதில்லை, மற்றவர்களுக்கும் சொல்வதில்லை. மேலும் கியர் கேபிள் கெட்டிருந்தால், அதே வயதில் அதே நீரில் கிடந்த, எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் கேபிளும் கெட்டிருக்கும் அல்லது விரைவில் கெடும். இரண்டையும் ஒன்றாகவே மாற்றுங்கள்.

கேபிளைக் கழற்றிய பிறகும் எஞ்சின் பக்கத்துக் கை கடினமாக இருந்தால் கதை வேறு. அப்போது முதலில் கியர் எண்ணெயைப் பாருங்கள். கியர் கேஸின் கீழ்த் திருகைச் சற்றுத் தளர்த்தினால் முதலில் வருவது எண்ணெயா நீரா என்று தெரிந்துவிடும். பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் சீல் வழியாக நீர் புகுந்துவிட்டது. உள்ளே ஷிஃப்ட் கம்பியும் துருவேறத் தொடங்கியிருக்கும். திருகின் காந்தத்தில் மாவுபோல் நுண்ணிய தூள் ஒட்டியிருப்பது சாதாரணம். அரிசி நொய்போல் துண்டுகள் இருந்தால் பற்கள் உதிர்கின்றன. அப்படியானால் கியர் கேஸை இறக்கித் தெரிந்தவரிடம் பிரிக்கக் கொடுத்துவிடுங்கள். அது கடற்கரையில் வைத்துச் செய்யும் வேலை அன்று. எண்ணெயை 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நிரப்பும்போது கீழ்த் துளை வழியாக ஏற்றி மேல் துளையில் வழியும்வரை விட வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று அடைபட்டு நிற்கும். திருகுகளின் வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள்.

எஞ்சின் நின்றிருக்கும்போது இலகுவாகவும், ஓடும்போது கியரிலிருந்து நியூட்ரலுக்கு எடுப்பது மட்டும் கடினமாகவும் இருந்தால், ஐடில் வேகம் அதிகமாக இருக்கிறதா என்று பாருங்கள். பற்களின் மேல் எஞ்சின் அழுத்திக்கொண்டிருக்கும்வரை அவை பிரியா. த்ராட்டில் கேபிள் இறுகி முழுமையாகத் திரும்பாததாலும் இது நேரும். லிவர் நியூட்ரலை நெருங்கும்போது எஞ்சினில் த்ராட்டில் முழுவதும் மூடி அதன் நிறுத்தத்தில் உட்காருகிறதா என்பதைக் கண்ணால் பாருங்கள். ஐடிலை எஞ்சினோடு வந்த கையேட்டில் சொன்ன அளவுக்குக் கொண்டுவந்தால் இந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இப்போது கண்ட்ரோலைப் பற்றிப் பேசலாம். பெட்டி சோதனையில் தேறிவிட்டால் அதை மாற்ற வேண்டியதில்லை என்பதே என் கருத்து. ஆனாலும் 9 ஆண்டுப் பழைய பெட்டியில் நியூட்ரல் பூட்டு தேய்ந்து, லிவர் கை பட்டாலே கியரில் விழுகிறது என்றால், பயணிகள் ஏறி இறங்கும் படகுக்கு அதை மாற்றுவது நியாயமான செலவு. புதியதில் நான் முதலில் பார்ப்பது மூன்றை: கைப்பிடியின் அடியில் விரலால் தூக்கினால் மட்டுமே நியூட்ரலை விட்டு நகரும் பூட்டு, நியூட்ரலில் மட்டுமே ஸ்டார்ட் ஆக அனுமதிக்கும் சுவிட்ச், ஓட்டுநர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றுச் சுவிட்ச். கியர் போடாமல் எஞ்சினைச் சூடேற்ற உதவும் பொத்தானும், த்ராட்டில் தானாக நகராதபடி இறுக்கம் வைக்கும் திருகும் பெரும்பாலான பெட்டிகளில் இருக்கும்.

ஒற்றை லிவரா, கியருக்கும் த்ராட்டிலுக்கும் தனித்தனி லிவரா என்று சிலர் யோசிப்பார்கள். தனித்தனி லிவரில் ஒவ்வொன்றும் இலகுவாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் த்ராட்டில் திறந்திருக்கும்போதே கியரை இழுத்துவிடும் ஆபத்தும் அதில் உண்டு. ஒற்றை லிவரில் கியர் விழுந்த பிறகே த்ராட்டில் திறக்கும்படி வரிசை அமைந்திருக்கிறது. ஒரே படகை இருவர் மூவர் மாறி மாறி ஓட்டும் உங்கள் தொழிலுக்கு ஒற்றை லிவரே ஏற்றது. பக்கவாட்டு வகையா, மேசைமேல் நிற்கும் வகையா என்பது உங்கள் கன்சோலின், அதாவது ஓட்டுநர் முன்னுள்ள மேசையின், அமைப்பைப் பொறுத்தது. மேசைமேல் வகைக்குக் கேபிள் கீழ்நோக்கி இறங்கி வளைய ஆழம் வேண்டும். கன்சோல் சிறியதானால் பக்கவாட்டு வகையே நல்லது.

எஞ்சின் கம்பெனியின் சொந்தக் கண்ட்ரோலை வாங்கினால் சாவி, நிறுத்தக் கயிறு, எச்சரிக்கை ஒலி ஆகியவற்றின் வயர்களெல்லாம் ஒரே இணைப்பில் வந்துவிடும். பொதுவகைப் பெட்டி விலை குறைவு. ஆனால் சாவியையும் சுவிட்சுகளையும் தனியே வயர் செய்ய வேண்டும். எதை வாங்கினாலும் இரண்டு விவரங்களைக் கடையில் காட்டுங்கள். ஒன்று, உங்கள் எஞ்சினில் ஃபார்வர்டு விழக் கேபிள் தள்ள வேண்டுமா இழுக்க வேண்டுமா, த்ராட்டில் திறக்கத் தள்ள வேண்டுமா இழுக்க வேண்டுமா என்பது. பல பெட்டிகளில் கேபிளை மாட்டும் துளையை மாற்றித் திசையை மாற்றிக்கொள்ளலாம்; சிலவற்றில் முடியாது. மற்றொன்று, கேபிள் முனையின் வகை. யமஹா, சுசுகி போன்ற எஞ்சின்களில் பொதுவகைத் திருகுமுனைக் கேபிள் பொருந்தும்; மெர்க்குரி தனக்கென்று வேறு முனையை வைத்திருக்கிறது. பழைய கேபிளின் உறையில் அச்சிட்ட எண்ணைப் படமெடுத்துக்கொண்டு போவது எல்லாவற்றையும்விட நம்பகமானது. கேபிளே இல்லாமல் மின்சாரத்தால் கியர் போடும் கண்ட்ரோல்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் ஒரு சொல்: அதற்கென்றே வடிவமைத்த பெரிய எஞ்சின்களுக்கு அது மிக நன்று. கார்புரேட்டர் வைத்த 40 குதிரைத்திறன் எஞ்சினில், உப்புக் காற்றில், அந்தச் செலவுக்கு அவசியமில்லை.

கேபிளின் நீளத்தைக் கணக்கிடுவதில் பலர் தவறுகிறார்கள். கண்ட்ரோலிலிருந்து படகின் விளிம்பு வரை, விளிம்பை ஒட்டிப் பின்பகுதி வரை, அங்கிருந்து குறுக்கே எஞ்சினின் நடு வரை, கேபிள் உண்மையில் போகும் வழியில் கயிறு பிடித்து அளந்து, எஞ்சின் திரும்பவும் தூக்கவும் இடம் கொடுக்கும் வளையத்துக்காக 3 அடி கூட்டுங்கள். உதாரணமாக 2 அடி, 11 அடி, 3 அடி என்று வந்தால் 16. வளையத்தோடு 19 அடி. எதற்கும் இருக்கட்டும் என்று 24 அடி வாங்கிச் சுருட்டி வைக்காதீர்கள். ஒவ்வொரு சுருளும் உராய்வைக் கூட்டும். சாதாரணக் கேபிளை 8 அங்குல ஆரத்தைவிடக் குறுகலாக வளைக்கக் கூடாது. ஒரு சோற்றுத் தட்டின் விளிம்பைவிட நன்கு அகலமாகவே வளைவு இருக்க வேண்டும் என்று என்னிடம் வேலை கற்பவர்களுக்குச் சொல்வேன். வழி முழுவதையும் கூட்டினால் மூன்று செங்கோணங்களுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம். கட்டாயம் குறுகலாக வளைக்க வேண்டிய படகு என்றால், சற்று விலை கூடிய, நெகிழ்வான உயர்வகைக் கேபிளை வாங்குவதே சரி. இறுக்கத்தைக் குறைப்பதில் புதிய லிவரைவிட அந்தக் கேபிள் அதிகம் செய்யும்.

பழைய கேபிளைக் கழற்றும்போது அதன் நுனியில் நைலான் கயிற்றைக் கட்டி இழுத்தால், கயிறு வழியைப் பிடித்துக்கொள்ளும். புதியதை அதே வழியில் இழுத்துவிடலாம். ஆனால் பழைய வழி அடித்தள நீர் வழியாகச் சென்றிருந்தால் அதைக் கைவிடுங்கள். படகின் உட்பக்கச் சுவரில், விளிம்புக்குக் கீழே, பெரிய பிவிசி குழாய்க்குள் கொண்டுபோங்கள். முழங்கை மூட்டு வேண்டாம், அகல வளைவு மட்டும் போதும். பக்கவாட்டுச் சுவர் மெல்லியதாக இருந்தால் பெட்டிக்குப் பின்னால் கடல் பிளைவுட் பலகை ஒன்றைப் பிசினோடு ஒட்டித் துருப்பிடிக்காத போல்ட்டால் இறுக்குங்கள். இல்லாவிட்டால் லிவரைத் தள்ளும்போது சுவரே வளைந்து, கேபிளின் பயணத்தில் ஒரு பகுதி வீணாகும். கியர் முழுவதும் விழாது.

பொருத்தும்போது கியர் கேபிளை முதலிலும் த்ராட்டில் கேபிளை அதற்கடுத்தும் மாட்ட வேண்டும். லிவரை நியூட்ரலில் வையுங்கள். எஞ்சின் கையையும் நியூட்ரலில் வையுங்கள். புரொப்பெல்லர் இரு பக்கமும் தடையின்றிச் சுற்றுவதே நியூட்ரலுக்கு அடையாளம். கேபிள் முனையின் இணைப்பைத் திருகித் திருகி, முளையின் மேல் இழுக்காமலும் அழுத்தாமலும் தானாகப் போய் உட்காரும் இடத்தில் நிறுத்துங்கள். திருகு குறைந்தது 8 மில்லிமீட்டராவது உள்ளே ஏறியிருக்க வேண்டும். பிறகு பூட்டு நட்டை இறுக்கி, கிளிப்பை மாட்டுங்கள். கேபிளின் உறையைப் பிடிக்கும் பிடிப்பான் அதன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். லிவர் நியூட்ரலிலிருந்து முன்னுக்கு எவ்வளவு தூரத்தில் விழுகிறதோ, பின்னுக்கும் ஏறத்தாழ அதே தூரத்தில் விழ வேண்டும். ஒரு பக்கம் சீக்கிரமும் மறுபக்கம் தாமதமும் என்றால் மீண்டும் திருத்துங்கள். தாமதமாக விழும் பக்கத்தின் பற்கள்தான் நாளை மழுங்கும்.

அதன்பின் படகைத் துறையில் இரு கயிறுகளால் கட்டி, எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, இருபது முறையாவது கியர் போட்டு எடுங்கள். நியூட்ரலில் படகு மெல்ல ஊரக் கூடாது. ரிவர்ஸில் எஞ்சின் தூக்கிக்கொண்டால் அது கியரின் குறையன்று. கையால் தூக்கும் எஞ்சின்களில் உள்ள ரிவர்ஸ் கொக்கி பிடிக்கவில்லை என்று பொருள். ஆழமில்லாத நீருக்கான நிலையில் எஞ்சினை வைத்து ஓட்டும் பழக்கம் உங்கள் பக்கம் அதிகம் என்பதால் இதையும் சொல்கிறேன்.

ஓட்டும் பழக்கத்திலும் ஒரு திருத்தம் வேண்டும். மேட்டூரில் திறந்த நீர் கடைமடைக்கு வந்து சேரும் மாதங்களில் ஆகாயத்தாமரை மிதந்து வந்து புரொப்பெல்லரைச் சுற்றிக்கொள்ளும். அதை உதற முன்னும் பின்னுமாகப் படபடவென்று கியர் மாற்றுகிறார்கள். திட்டு தெரிந்தவுடன் ஓடும் வேகத்திலேயே ஃபார்வர்டிலிருந்து நேரே ரிவர்ஸுக்கு இழுக்கிறார்கள். இரண்டும் டாக் கிளட்சுக்கு விழும் சம்மட்டி அடி. நியூட்ரலில் நிறுத்தி, எஞ்சின் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, பிறகு ஒரே வீச்சில் போடுங்கள். நாள் முடிவில் எஞ்சினை நன்னீரால் கழுவும்போது கேபிள் நுனிகளிலும் ஒரு குவளை ஊற்றித் துடைத்து, மாதம் ஒருமுறை வெளியே தெரியும் கம்பியில் கடல் கிரீஸ் தடவுங்கள். படகை நிறுத்தி வைக்கும் நாட்களில், எஞ்சின் பக்கத்து நுனிக் கம்பி உறைக்குள் அதிகம் மறைந்திருக்கும் கியர் நிலையிலேயே லிவரை விட்டுவையுங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்யும் முன் நியூட்ரலுக்குக் கொண்டுவர மறக்க வேண்டாம்.

பொருள் வந்து சேரும்வரை ஓட்டலாமா என்ற கடைசிக் கேள்விக்கு வருகிறேன். கேபிளைக் கழற்றிப் பார்த்ததில் எஞ்சின் பக்கத்துக் கை இலகுவாக இருந்து, கியர் எண்ணெயும் சுத்தமாக இருந்தால், படகைத் துறையிலிருந்து பட்டறைக்குக் கொண்டுவரும் அளவுக்கு, ஆட்கள் இல்லாமல், கையில் துடுப்போடு ஓட்டலாம். பயணிகளை ஏற்றாதீர்கள். ரிவர்ஸ் என்பது உங்கள் படகின் பிரேக். ஒருமுறை அது நேரத்துக்கு விழாமல் போனதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். சுமை ஏறும்போது கியர் நழுவினாலோ, லிவர் நியூட்ரலில் இருக்கும்போதும் புரொப்பெல்லர் சுற்றினாலோ, அந்தக் குறுகிய ஓட்டமும் வேண்டாம். வேறொரு படகில் கட்டி இழுத்து வாருங்கள். இரண்டு கேபிள் மாற்றும் வேலை, பொருள் கையில் இருந்தால், ஒரு நாள் வேலைதான். விடுமுறைக் கூட்டத்துக்கு முன் அந்த ஒரு நாளை ஒதுக்கிவிடுங்கள்.